புயலுக்கு அப்புறம் மூழ்கின கப்பல் மேல மீன் கடிக்கவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

வணக்கம் மக்களே, அட்லாண்டிக்ல இலையுதிர் சீசன், வாடகை போட்ல போய் மூழ்கின கப்பல் மேல டாடாக் (tautog, பாறை, மூழ்கின கப்பல் ஒட்டி வாழுற மீன்) பிடிக்கிறோம், வாடைக்காத்து புயல் ஒண்ணு அடிச்சிட்டுப் போனதுலேர்ந்து சுத்தமா கடி இல்ல. சோனார்ல மீன் தெரியுது, கப்பல ஒட்டியே நிக்குது, ஆனா இரைய தொடமாட்டேங்குது.

ஆழம் 25 மீட்டர் கிட்ட, தண்ணி 13 டிகிரி. காத்து அடங்கி ரெண்டு மூணு நாள் ஆச்சு ஆனா பெரிய அலை இன்னும் ஓயல, அடியில ஒரே கலக்கு. ரீல் பென் ஸ்பின்ஃபிஷர் 5500, 40 பவுண்ட் பிரெய்டு (பின்னல் நூல்), 50 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னாடி கட்டுற நரம்பு).

பச்சை நண்டு முழுசா போட்டாச்சு, வாசனை இறங்கட்டும்னு ஓட்டை உரிச்சு பாதியா வெட்டியும் போட்டாச்சு, மட்டி சதை போட்டா பொடி மீனுங்க உருவிட்டு போயிடுது. ஒத்த முள், ஜிக் (ஈயத் தலை வச்ச முள்) ரெண்டும் பாத்தாச்சு. ஈயக்குண்டு 6 அவுன்ஸ்லேர்ந்து 10 வரைக்கும் ஏத்துனோம், அலையில போட் எழும்புறப்ப குண்டும் எழும்பி இரும்புல போய் மாட்டுது (இதுவரைக்கும் அறுந்து போன ஈயத்த உருக்குனா ஒரு நங்கூரமே செஞ்சிடலாம்). கேப்டன் ரெட்டை நங்கூரம் போட்டு கப்பலுக்கு நேர் மேலதான் நிறுத்துறார், அவர் மேல ஒரு குறையும் இல்ல.

இப்போ இதே இடத்துல தண்ணி தெளியிற வரைக்கும் காத்திருக்கிறதா, இல்ல அலை அவ்வளவா எட்டாத 40 மீட்டர் ஆழத்துல இருக்கிற கப்பலுக்கு போகச் சொல்றதா, அனுபவப்பட்டவங்க எது சரின்னு சொல்லுங்க?