தல்மூத் ஆய்வு: எந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொள்வது?

தல்மூத் என்னும் யூதச் சட்ட விவாதத் தொகுப்புக்கு முதலில் எல்லோரும் வாங்குவது வில்னா நகரப் பதிப்பின் மறு அச்சைத்தான். 1880களில் ரோம் (Romm) குடும்பத்தின் அச்சகம் வெளியிட்டது. மேற்கோள் காட்ட அது போதும். 1520-23இல் வெனிஸில் பொம்பெர்க் அச்சிட்டபோது அமைந்த இலை எண்களே இன்றும் வழக்கில் உள்ளன. பாடத்துக்கு மட்டும் வில்னா பதிப்பை நம்பிவிடாதீர்கள். பெராகோத் என்னும் தல்மூத் பகுதியில் 28ஆம் இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு பிரார்த்தனையை அமைக்கத் தெரிந்தவர் யார் என்று யூத அறிஞர் ரப்பான் கமலியேல் கேட்கிறார். வில்னாவில் அது 'சதுசேயர்' பற்றிய பிரார்த்தனை. கைச்சுவடிகளில் 'மினிம்', அதாவது சமயம் பிறழ்ந்தவர்கள். தணிக்கையால் மாறிய சொல் இது. அச்சை நம்பிச் சதுசேயர் பற்றி ஓர் இயல் எழுதினால், இயல் முழுவதும் விழுந்துவிடும்.

*

ஒப்பிட்டுப் பார்க்க மியூனிக் 95ஆம் சுவடி இருக்கிறது. 1342இல் எழுதப்பட்டது, பவேரிய அரசு நூலகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எழுத்து மிகப் பொடி, பழக நாளாகும். அதுவரை ரபினோவிச் தொகுத்த 'திக்தூகே சோஃப்ரிம்' கைகொடுக்கும். அச்சுப் பாடத்துக்கும் அந்தச் சுவடிக்கும் உள்ள பாடபேதங்களை வரிவரியாகத் தருகிறது. ஆனால் அதில் திருமணம் பற்றிய நாஷிம் பிரிவு கிடையாது. திருமணச் சட்டம் ஆராய்கிறவர்கள் அதை நம்பிக் காசு போட வேண்டாம்.

*

பழைய எபிரேய நூல் வாங்கும்போது ஆண்டைக் கணக்குப் போட்டே தீர வேண்டும். தலைப்புப் பக்கத்தில் எழுத்துகள்தான் இருக்கும். தாவ் 400, ரேஷ் 200, மேம் 40, கூட்டினால் 640. அதோடு 1240 சேர்த்தால் 1880. எபிரேய ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் 1879 கடைசி மாதங்களும் அதில் அடங்கும். ஆகவே 1879/80 என்று எழுதுவதே சரி. சில நூல்களில் ஆண்டை ஒரு வேதவசனத்துக்குள் ஒளித்திருப்பார்கள். அங்கே பெரிதாக அச்சிட்ட எழுத்துகளை மட்டும் கூட்டுங்கள். ஒளியச்சு மறுபதிப்புகள் பழைய தலைப்புப் பக்கத்தை அப்படியே தாங்கி வரும். தாளைப் பார்த்தால் மறுபதிப்பு என்று தெரிந்துவிடும்.

*

இதுவரை சொன்னது பாபிலோனியத் தல்மூத்; இன்னொரு தல்மூதான எருசலேம் தல்மூதுக்கு வேறு கணக்கு. வெனிஸ் பதிப்பில் இலைக்கு நான்கு பத்தி. வில்னாவில் பக்கமே மாறுகிறது. இயல், ஹலாகா (இயலின் உட்பிரிவு) எண், வெனிஸ் இலை, பத்தி என நான்கையும் குறித்து வையுங்கள்.