குழந்தை நன்றாக விழுங்குவதற்காகத் தொண்டையில் கரண்ட் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மதுரை அம்மா:
பாப்பாவுக்கு ஆறு வயசு, சி.பி. (பெருமூளை வாதம்). குழைத்த சாதம் இறங்கும், தண்ணீர் கொடுத்தால் புரை ஏறும். போன மாதம் ஸ்பீச் தெரபிஸ்ட் தாடைக்கு அடியிலும் குரல்வளை மேலும் பேட் ஒட்டிக் கரண்ட் வைத்தார். கூட்டக் கூட்டத் தாடைக்கு அடியில் தசை வெடுக் வெடுக்கென்று இழுத்தது. அழவில்லை, என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்பூன் ராகிக் கூழ் வைத்தார். எப்போதும் கன்னத்திலேயே அடக்கி வைத்திருப்பவள், 'களுக்'கென்று உடனே விழுங்கிவிட்டாள். வீட்டில் அதே கூழ், அதே ஸ்பூன், பழைய கதைதான். அன்றைக்கு விழுங்கியது கரண்டாலா, பசியாலா? மனசு அதையே சுற்றுகிறது.

தஞ்சாவூர் அப்பா:
சகோதரி, சத்தத்தை நம்பாதீர்கள். என் மகன் சாப்பிடும்போது இருமியதே இல்லை, ஆனால் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். கரண்ட் வைக்கப் போன இடத்தில், "முதல்ல பேரியம் வீடியோ எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே அறையில் பேரியம் கலந்த பாலைக் குடித்தான். திரையில் ஒரு கறுப்புக் கோடு நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அவன் இருமவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் தூக்கம் வராது.

சேலம் அக்கா:
எங்களுக்குப் பலன் இல்லை. பேட் ஒட்டிய இடம் சிவந்து தடித்ததுதான் மிச்சம். என்னைக் கேட்டால் மிஷினைவிட உட்கார வைக்கிற விதம்தான் முக்கியம். இடுப்பு நாற்காலியோடு ஒட்டி இருக்கட்டும், பாதம் தொங்கக் கூடாது, தலை பின்னால் சாயவே கூடாது. சாப்பிட்டவுடன் படுக்க வைக்காதீர்கள். பாலைக் கெட்டியாக்கச் சொல்லியிருந்தால் கண்ணளவில் விடாதீர்கள். 10 மி.லி. சிரிஞ்சில் பிஸ்டனைக் கழற்றி, நுனியை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 விநாடி கழித்து மறுபடி அடையுங்கள். 4 முதல் 8 மி.லி. வரை மீதி இருந்தால் ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவில் (உணவும் திரவமும் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் சர்வதேச அளவுகோல்) இரண்டாம் நிலை, 8-க்கு மேல் இருந்து கொஞ்சமாவது இறங்கியிருந்தால் மூன்றாம் நிலை. குழந்தைக்கு எந்த நிலை என்பதைத் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். பால் எந்தச் சூட்டில் குடிப்பாளோ அதே சூட்டில் அளந்து பாருங்கள்.

திருச்சி, ஸ்பீச் தெரபிஸ்ட்:
அக்கா சொன்ன உட்காரும் முறை சரி. ஆனால் மிஷினை அப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். எதற்கு, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். வேறொரு இடத்தில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். பேட் ஒட்டிவிட்டுக் கையில் போனைக் கொடுத்து உட்கார வைப்பார்களாம், வாயில் ஒரு சொட்டுக்கூட வைப்பதில்லையாம். விழுங்கும்போது நாவடி எலும்பு மேலேயும் முன்னாலேயும் போக வேண்டும். 2007-ல் லட்லோ என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், சும்மா இருக்கும்போது கரண்ட் வைத்தால் அந்த எலும்பு கீழே இறங்கியது. கரண்ட் ஓடும்போது குழந்தை விழுங்கிப் பழகாவிட்டால் என்ன பிரயோசனம்? அந்தப் பையனுக்கு வலிப்பும் உண்டு. கரண்ட் வைக்கும் முன் நரம்பியல் டாக்டரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதுரை அம்மா:
இவளுக்கு வலிப்பு இல்லை. பேரியம் எடுத்ததில்லை, எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. நாளைக்கே கேட்கிறேன். தஞ்சாவூர் அண்ணா, எக்ஸ்ரே அறைக்குள் குழந்தையின் சொந்த நாற்காலியை விட்டார்களா? இவளுக்குக் கழுத்து நிற்காது.