செல்போனில் சத்தம் காலை வாரிய அனுபவம் உண்டா?

அம்பை வில்லுக்காரர் பேரன்:
பட்டன் போன் காலம். போனில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய பிளாஷ் லைட் என்ற மென்பொருளின் 1.1 பதிப்பு. கோயில் கொடை விழாவுக்கு முன்னால் தாத்தாவின் வில்லுப்பாட்டைப் போனில் ஏற்றிவிடலாம் என்று கிளம்பினேன். 1 அழுத்தினால் குடம், 2 உடுக்கை, 3 ஜால்ரா. கணினியில் அமர்க்களம். அங்கே கேட்டது போன் ஒலிக்குப் பதிலாக வைத்த எம்பி3, தாத்தா அடித்ததைப் பதிவு செய்தது. போனுக்குப் போனது மிடி, அதாவது எந்த வாத்தியம் எந்தச் சுரம் என்ற குறிப்பு மட்டும். அதன் 128 வாத்தியத்தில் குடமும் இல்லை, உடுக்கையும் இல்லை. ஜப்பான் முரசை வைத்து ஒப்பேற்றினேன். அது போகட்டும், உடுக்கையை அழுத்தினால் குடம் நின்றுவிடுகிறது! மிடியை பிளாஷ் வாசிக்காது, போனிடம் தள்ளிவிடும். போன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாசித்தது. தாத்தா காதில் வைத்துக் கேட்டார்.
"என்னலே, ஒருத்தன் அடிக்கும்போது மத்தவனெல்லாம் வெத்தல போடப் போயிட்டானா?"

திருச்செந்தூர் பாசஞ்சர்:
சத்தம் கிடக்கட்டும், ஸ்கிரிப்டை, அதாவது நிரல் மொழியைச் சொல்லவில்லையே? 1.1-ல் இருந்தது 1999-ல் வந்த பிளாஷ் 4 மொழி. அரே (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) கிடையாது, சொந்த ஃபங்ஷன் (பெயர் வைத்து அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) கிடையாது. நெல்லை - திருச்செந்தூர் ரயிலுக்கு அடுத்த நிலையம் காட்ட ஒன்று எழுதினேன். இரண்டு சொல்லைச் சேர்க்கக் கூட்டல் குறி போட்டுவிட்டேன். அங்கே அது எண்ணைத்தான் கூட்டும், சொல்லைக் கொடுத்தால் பூஜ்யம். நாசரேத் தாண்டியதும் பக்கத்து சீட் ஆச்சி எட்டிப் பார்த்தாள்.
"சைபர்னு ஒரு ஸ்டேஷனா எய்யா?"

கல்தூண்:
நான் பிந்தி வந்தவன், ஐபோனின் சஃபாரி உலாவியில் ஓடும் வலைப்பக்கம். நெல்லையப்பர் கோயில் இசைத் தூண் படம், தொட்டால் ஒலிக்க வேண்டும். சன்னதித் தெருவில் ஒரு அண்ணாச்சியிடம் நீட்டினேன். தட்டுகிறார், தட்டுகிறார், மூச்சே இல்லை. "கல்லே பாடுது, ஒம் போன் பாடாதா?" வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், சைலண்ட் பட்டன் போட்டிருக்கிறது. நான் பயன்படுத்திய வெப் ஆடியோ (ஸ்கிரிப்டால் ஒலி எழுப்பும் வழி) அதற்கு அடங்கிப் போகும், ஆடியோ டேக் (பக்கத்தில் ஒலிக் கோப்பை நேராக வைக்கும் வழி) அடங்காது. எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பழைய பேட்டை:
எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது, விடுங்கள். பாசஞ்சர் சொல்வது பாதிதான். பிளாஷ் லைட் 2.0-ல் புதிய நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 வந்து அரே, கிளாஸ் எல்லாம் கிடைத்துவிட்டது. கல்தூண், முதல் தொடுதலிலேயே ஆடியோ கான்டெக்ஸ்டை (வெப் ஆடியோவின் இயந்திரம்) எழுப்பிவிடுங்கள், தானாக எழும்பாது. ஐபோனில் ஆடியோ டேக்கின் வால்யூமை ஸ்கிரிப்டால் குறைக்க முடியாது. வெப் ஆடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் நோடு வையுங்கள். சுருதி மாதிரி சுற்றிச் சுற்றி ஓடுவதற்கு எம்பி3 வேண்டாம். முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு சுற்றுக்கும் விக்கும். சுருக்காத வேவ் (wav) கோப்பு போடுங்கள். அப்புறம் புளூடூத்தில் போட்டுப் பாருங்கள், தட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவே இடைவெளி விழும். வில்லுக்காரர் பேரனும் இதையே செய்திருக்கலாம்.

அம்பை வில்லுக்காரர் பேரன்:
அண்ணாச்சி, 1.1-ல் எதைச் செய்ய? கெயின் நோடா? அந்தப் பதிலி எம்பி3 மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. போனுக்கு அனுப்பும்போது பிளாஷ் கழற்றிவிட்டது அதைத்தான்.