அம்மாவின் ஞாபக மறதி டெஸ்ட்: மார்க் கூடியதை நம்பலாமா?

வணக்கம். அம்மாவுக்கு 72 வயது. போன வருடம் மோகா (MoCA) என்ற ஞாபகசக்தி, சிந்தனைத்திறன் டெஸ்ட்டில் 30-க்கு 25 எடுத்தார். இந்த மாதம் 26. "நார்மல்தான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இரண்டு தடவையும் நினைவில் வைத்துச் சொல்ல அதே ஐந்து சொற்கள், வரைய அதே கடிகாரப் படம். பழக்கத்தால் கூடிய மார்க்கோ? வீட்டில் கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறார்.

இந்த டெஸ்ட்டுக்கு மாற்று வினாத்தாள்கள் உண்டே, அதைக் கேட்டு வாங்கிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மாத இடைவெளி விட்டீர்கள்? எத்தனை மார்க் குறைந்தபிறகு டாக்டர் ஸ்கேன், விரிவான நினைவாற்றல் பரிசோதனை என்று போனார்?

தைராய்டு, பி12 பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. காது மட்டும் கொஞ்சம் மந்தம். கேள்வி சரியாகக் காதில் விழாமலும் மார்க் போயிருக்கலாம், இல்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.