கொழும்புக் கடற்கரையில் வெள்ளிக்காசு தேடலாமா?

கடலோரன் (வெள்ளவத்தை) எழுதியது:

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை அரித்துச் செல்லும்போது, பாரமான பொருட்கள் பின்தங்கிவிடுகின்றன. அவ்வாறு பின்தங்கிய விக்டோரியா மகாராணி காலத்து 50 சதக் காசொன்றை, மெட்டல் டிடெக்டரின் துணையோடு எங்கள் பகுதிக் கடற்கரையில் கண்டெடுத்தேன். 1892 முதல் வெளியிடப்பட்ட 10, 25, 50 சதக் காசுகளில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி இருந்தது. 1919 இல் அது 55 பங்காகக் குறைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943 முதல், 25 சதமும் 50 சதமும் நிக்கல் கலந்த பித்தளையில் அடிக்கப்பட்டன. நம் பாட்டன்மார் கையில் புழங்கிய இக்காசுகளை உப்புநீர் அரித்து உருத்தெரியாமல் செய்வதற்கு முன் எடுத்துப் பாதுகாப்பது நல்ல காரியம் என்றே நான் நம்புகிறேன். கடல் ஏற்கனவே புரட்டிப்போட்ட மணலில் நான் கலைத்துவிடக்கூடிய, காலத்தைக் காட்டும் மண்ணடுக்கு எதுவும் இல்லை.

சுவடிநேசன் எழுதியது:

கடலோரன் அவர்களே, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் உங்கள் வாதத்தை ஏற்க இயலவில்லை. கருவி உலோகத்தைக் காட்டுமே தவிர, அதன் காலத்தைக் காட்டாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களையே தொல்பொருட்களாகக் கொள்கிறது. விக்டோரியா காசு அந்த எல்லைக்கு வெளியே இருக்கலாம். ஆனால் 1518 இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டத் தொடங்கி, 1656 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1796 இல் ஆங்கிலேயரிடம் சென்ற ஒரு நகரத்தின் கரையில், அடுத்து ஒலிக்கும் ஓசை எந்நூற்றாண்டுக்கு உரியது என்பதைத் தோண்டுவதற்கு முன் எவ்வாறு அறிவீர்கள்?

லாரின் என்னும் காசை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்து லார் நகரின் பெயரால் வழங்கிய அது, வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து முத்திரை இட்ட பணம். இலங்கையில் அதனைத் தூண்டில் வடிவில் வளைத்துப் புழங்கினார்கள். இங்கு செய்யப்பட்டவற்றில் உள்ள முத்திரை பெரும்பாலும் அரபு எழுத்தைப் பார்த்துப் போலியாகப் பொறித்ததாகவே இருக்கும். அரசன் பெயரோ ஆண்டோ அதில் வாசிக்கக் கிடைக்காது. அதனோடு சேர்ந்து கிடந்த மட்பாண்ட ஓடு, பிற காசு, மண்ணின் நிறம் ஆகியவைதாம் அதன் காலத்தைச் சொல்லக்கூடிய சான்றுகள். ஒரு லாரினை மட்டும் பிடுங்கி எடுத்துச் சென்றால், கையில் இருப்பது சில கிராம் வெள்ளி மட்டுமே.

கடலோரன் எழுதியது:

என் கருவியின் எல்லையையும் கருத்திற் கொள்ள வேண்டுகிறேன். அதன் சுருளிலிருந்து எழும் மாறுகின்ற காந்தப்புலம் உலோகத்தினுள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த ஓட்டம் திருப்பி உண்டாக்கும் புலத்தைத்தான் கருவி உணர்கிறது. வெள்ளி மிக நன்றாக மின்னைக் கடத்துவதால் அதன் ஒலி உயர்ந்து கேட்கும், ஆணி தாழ்ந்த ஒலி தரும். எனினும் ஈரமான உப்பு மணலும் மின்னைக் கடத்துவதால், அலை தொடும் இடத்தில் பொய்யொலிகளே மிகுதியாக எழும். தனிக்காசு ஒன்று ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இருந்தால் கருவி பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். இத்தகைய கருவியால் கோட்டைக் காலத்து அடுக்குகளை எட்டவே முடியாது.

சுவடிநேசன் எழுதியது:

தனிக்காசுக்கு நீங்கள் சொல்வது சரி. காசுகள் நிறைந்த புதையற் பானையோ அதைவிட ஆழத்திலிருந்தும் ஒலிக்கும். அதன் வாய் மேலே இருக்கும், வயிறு கீழே இருக்கும். மேற்காசை எடுக்கத் தோண்டுபவர் பானையையே உடைத்துவிடுவார்.

சேர்ந்து கிடப்பதன் பெறுமதிக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1961 இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், பெரிய பாசஸ் பாறைத்தொடரில், மூழ்கிய கப்பலொன்றிலிருந்து வெள்ளி ரூபாய்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை பை வடிவிலேயே இறுகிக் கட்டிகளாகக் கிடந்தன. ஒரு கட்டியில் ஏறத்தாழ ஆயிரம் காசுகள் இருந்தன. அவை ஔரங்கசீப் காலத்தில், ஹிஜ்ரி 1113 இல் (கி.பி. 1701-02), சூரத்து நாணயசாலையில் அடிக்கப்பட்டவை, புழக்கத்தால் தேயாதவை. ஒரே நாணயசாலை, ஒரே ஆண்டு, தேய்வின்மை, பை வடிவம் ஆகிய நான்கும் ஒன்றாகக் கிடைத்ததால்தான் அவை நாணயசாலையிலிருந்து நேரே கப்பலுக்குச் சென்ற சரக்கு என்று ஊகிக்க முடிந்தது. அக்கட்டிகளை உடைத்து ஒவ்வொரு ரூபாயாக விற்றிருந்தால், ஒவ்வொன்றும் ஒரு முகலாயக் காசாக மட்டும் நின்றிருக்கும்.

நாணயமணி (தெகிவளை) எழுதியது:

விவாதத்துக்கு இடையே ஒரு வேண்டுகோள். கண்டெடுத்த வெள்ளிக்காசைப் புளியோ பற்பசையோ இட்டுத் தேய்க்காதீர்கள். கருமையை அகற்றும்போது எழுத்தும் சேர்ந்தே போய்விடும். நல்ல நீரில் பலமுறை ஊறவைத்து உப்பை வெளியேற்றி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் இடுங்கள்.

கடலோரன் எழுதியது:

நாணயமணி ஐயாவுக்கு நன்றி. சுவடிநேசன் அவர்களுக்கு மறுமொழியாக இங்கிலாந்தைக் காட்டுகிறேன். 1992 இல் ஹொக்ஸ்ன் என்னும் ஊரில், தொலைந்த சுத்தியலைத் தேடிச் சென்ற ஒருவரின் டிடெக்டர், 14,000 இற்கு மேற்பட்ட உரோம வெள்ளிக்காசுகள் கொண்ட புதையலைக் காட்டியது. பின்னர் வந்த 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரண்டு வெள்ளிக்காசுகள் ஒன்றாகக் கிடைத்தாலே 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் கொள்வனவு செய்தால் கண்டவருக்கும் நிலக்காரருக்கும் சன்மானம் கிடைக்கும். பொதுமக்கள் தாமாக முன்வந்து பதிவுசெய்த பொருட்கள் பத்து இலட்சத்தைத் தாண்டியுள்ளன. இங்கோ, அத்திவாரம் வெட்டும் தொழிலாளிக்குப் பழங்காசு கிடைத்தால், அச்சம் காரணமாக அதை மறைத்து உருக்கக் கொடுக்கவே அவர் முற்படுவார். என்னைப் போன்றோரைத் தடுப்பதைவிட, பதிந்துகொள்வதே அறிவுக்குப் பொருந்தும்.

சுவடிநேசன் எழுதியது:

உருக்குவதைப் பற்றிய உங்கள் கவலை என்னுடையதும்தான். பதிவுமுறை ஒன்று வந்தால் அதனை ஆதரித்து முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன். ஆனால் ஹொக்ஸ்னில் நடந்ததை முழுமையாகப் பாருங்கள். அந்த மனிதர் புதையல் என்று கண்டவுடன் தோண்டுவதை நிறுத்தி அறிவித்தார். ஆகையால் அகழ்வாய்வாளர்கள் முறைப்படி தோண்டினார்கள். காசுகள் மரப்பேழையில் வைக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. அந்நாட்டிலும் அனுமதியின்றி இரவில் வயல்களில் தோண்டுவோர் இருக்கிறார்கள். அவர்களிடம் அகப்பட்டது எதுவும் வரலாற்றில் சேர்வதில்லை.

நம் நாட்டில் ஸ்கேனர் கருவிகளோடு புதையல் தோண்டியோர் கைது என்ற செய்தி ஓயாமல் வருகிறது. விகாரையும் கோயிலும் அதனால் சிதைக்கப்பட்டுள்ளன. அச்சூழலில் கருவியோடு நடப்பவரைப் பொலிசார் ஐயுறுவதில் தவறு காண முடியவில்லை.

கடலோரன் எழுதியது:

அப்படியாயின் ஒன்றைத் தெளிவாக்குங்கள். முகத்துவாரத்தில் என் சித்தப்பாவின் காணி, அவர் பெயரிலேயே உறுதி உள்ள சொந்த நிலம். அங்கு தேடவும் உங்களுக்கு மறுப்பு உண்டா?

சுவடிநேசன் எழுதியது:

உண்டு. நிலம் தமக்குரியது என்ற ஒரே காரணத்தால், அதில் கிடைக்கும் தொல்பொருள் நிலக்காரருக்கு உரியதாகாது என்று நான் முன்பு சொன்ன 1940 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தொல்பொருள் தேடி அகழ்வதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். முகத்துவாரம் களனி கங்கை கடலோடு சேரும் பழைய துறைப்பக்கம். அங்கு கருவியை வெளியே எடுக்கும் முன் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கிணறு வெட்டும்போதோ மரம் நடும்போதோ தற்செயலாக ஏதேனும் வெளிப்பட்டால், அசைக்காமல் படம் எடுத்து, ஆழத்தை அளந்து குறித்து, உடனே அறிவியுங்கள். கடிதத்தின் வரைவை இங்கு இட்டால் திருத்தித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

கடலோரன் எழுதியது:

இவ்வார இறுதிக்குள் வரைவை இடுகிறேன். கடற்கரை பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.