புது ஸ்டீரியோவுக்குக் கேபிள்: மாட்டும்போது பலர் பார்த்தவை

உறையில் 2.5 சதுர மி.மீ. என்று அச்சிட்ட ஸ்பீக்கர் கேபிள். ஒரு இழையை பிளேடால் சுரண்டியதும் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு, அதாவது சிசிஏ. அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை. சில தடவை மடக்கினாலே இழை முறிந்துவிடும். சுருளைக் கையில் தூக்கிப் பாருங்கள், எடையே காட்டிக்கொடுக்கும்.

—

மேலே சொன்னது சரி, ஆனால் சிசிஏ என்றதுமே தூக்கி எறிய வேண்டியதில்லை. கணக்குப் போடுங்கள். ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். 2.5 செம்பில் சுமார் 0.14 ஓம், சிசிஏயில் 0.21 பக்கம். கேபிளின் தடை ஸ்பீக்கர் ஓம்ஸில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது வழக்கம். 8 ஓமுக்கு 0.4 வரை இடமிருக்கிறது. 4 ஓமுக்கு எல்லையே 0.2, அங்கேதான் இடிக்கும். 3 மீட்டர் தூரத்துக்கு 1.5 செம்பே தாராளம்.

—

பாட்டு ஓடுகிறது, பேஸ் மட்டும் இல்லை. குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவுகிறது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது, அவ்வளவுதான். கேபிளின் ஒரு பக்கம் கோடோ எழுத்தோ இருக்கும். அதை இரு முனையிலும் ஒரே நிறத்தில் மாட்டுங்கள். காப்புறையை 10 மி.மீ. மட்டும் சீவி இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஒற்றை இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட். ஆம்ப் புரொடெக்‌ஷனுக்குப் போனால், அதாவது தானே நின்று தன்னைக் காத்துக்கொண்டால், நல்ல காலம், இல்லையென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

—

எல்லாரும் ஸ்பீக்கர் கேபிளையே பேசுகிறீர்கள். டிவியின் ஒலியை ஆம்புக்குக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளைச் செருகிய கணமே "உர்ர்" என்று ஹம் எழும்பியது, கழற்றினால் அமைதி. இது எர்த் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு சேர்ந்து வளையமாவது. தடித்த கேபிள் வாங்கினாலும் தீராது. முதலில் எல்லாக் கருவிக்கும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பிலிருந்து மின்சாரம் கொடுங்கள். பிறகு டிவிக்கு வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். இரண்டிலும் நிற்கவில்லையென்றால் டிவியை ஆப்டிக்கலில் (ஒளியால் ஒலியைக் கடத்தும் கேபிள்) இணையுங்கள். அதில் மின்தொடர்பே கிடையாது என்பதால் லூப் அறுந்துவிடும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். ஹம் போகும், ஆனால் உள்ளே கசிவு ஏற்பட்டால் ஆம்பின் உலோக உடலே ஷாக் அடிக்கும், உயிர்போகும் விஷயம்.

டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்) வைத்திருப்பவர்கள் ஆர்சிஏவோடு வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்பின் பின்னாலுள்ள ஜிஎன்டி (எர்த்) திருகில் கட்டாயம் இறுக்க வேண்டும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் எம்எம் (காந்தம் அசையும்) வகை என்றால் ஆர்சிஏ நீளமும் முக்கியம். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவு கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கத் திறன்) சேரும். அது கூடக் கூட உச்ச ஸ்தாயி முதலில் உறுத்தும், அதற்கு மேல் மங்கிவிடும். ஒன்றேகால் மீட்டருக்குள் நிறுத்துங்கள். மிச்சத் தூரத்தை ஸ்பீக்கர் கேபிள் பார்த்துக்கொள்ளட்டும்.

—

ஹம் பற்றி யாரும் கேட்கவில்லையே! பிளஸ், மைனஸ் சந்தேகத்துக்கு எளிய வழி: கேபிளின் ஆம்ப் முனையைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பேட்டரி பிளஸ் கேபிளின் பிளஸில் பட்டால் ஊஃபர் (பேஸ் ஒலிக்கும் பெரிய கூம்பு) வெளியே தள்ளும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும்.