பத்தொன்பது வாக்கியங்களும் ஒரு நடுக் கட்டமும்

நர்சிங் ஆசிரியை ஒருவரின் அனுபவம்

எம்.பி.பி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி மாணவர்களை ஒரே அரங்கில் அமர்த்தி, பிற துறையினருடன் சேர்ந்து கற்பதற்கு அவர்கள் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று அளக்கும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. இங்கிலாந்தில் பார்செல், பிளை ஆகிய இருவர் 1999-இல் வெளியிட்ட, ஆய்வாளர்கள் 'ரிப்பிள்ஸ்' என்று அழைக்கும் அளவுகோலை எடுத்துக்கொண்டோம். அதில் 19 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் முழுமையாக உடன்படுவது முதல் அறவே மறுப்பது வரை ஐந்து கட்டங்கள். குழுவாகப் பணியாற்றினால் நோயாளிக்கு நன்மை என்ற வகை வாக்கியங்களுக்கு ஏறத்தாழ எல்லாருமே முழு உடன்பாட்டுக்கான 5-ஐக் குறித்தார்கள். அதற்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்? தொடக்கத்திலேயே மதிப்பெண் உச்சியைத் தொட்டுவிட்டால், பயிற்சிக்குப் பிறகு ஏறுவதற்கு இடமிருக்காது என்பது இந்த அளவுகோலின் மீது ஏற்கெனவே சொல்லப்படும் குறைதான்.

செவிலியர், சிகிச்சையாளர் ஆகியோரின் வேலை முக்கியமாக மருத்துவருக்குத் துணைநிற்பதே என்ற பொருளில் கடைசிப் பகுதியில் ஒரு வாக்கியம் வருகிறது. என் மாணவி ஒருத்தி அதற்கு 'மறுக்கிறேன்' என்ற கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டாள், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் அமர்ந்திருந்த முன்வரிசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை அழித்துவிட்டு நடுக் கட்டத்துக்கு மாற்றினாள். "மேடம், இந்தத் தாளை டாக்டர்கள் பார்ப்பார்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்றாலும், தாள்களைத் திரட்ட வாசலில் நின்றவர் ஒரு மருத்துவப் பேராசிரியர். அது எங்கள் தவறு.

பிசியோதெரபி விரிவுரையாளர் ஒருவரின் அனுபவம்

எங்கள் கல்லூரியில் நடந்தது வேறு கூத்து. அதே அளவுகோலில் ஒரு மாணவர் 19 வாக்கியங்களுக்கும் மேலிருந்து கீழாக 5-ஐயே குறித்து, 95 மதிப்பெண்ணுடன் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தார். எதிர்மறை வாக்கியங்களுக்கான மதிப்பெண்ணை (5-ஐ 1 ஆகவும், 4-ஐ 2 ஆகவும்) திருப்பிப் போட நாங்கள் மறந்துவிட்டோம் என்பது, பிற துறை மாணவர்களோடு கற்று நேரத்தை வீணாக்க விரும்பவில்லை என்ற வாக்கியத்துக்கும் அவர் முழுமையாக உடன்பட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மருத்துவர் ஒருவரின் அனுபவம்

மாணவனாக நான் நிரப்பியது, மருத்துவர் – செவிலியர் ஒத்துழைப்பைப் பற்றிய ஜெஃபர்சன் அளவுகோல். அதில் 15 வாக்கியங்கள், நான்கே கட்டங்கள். ஒளிந்துகொள்ள நடுக் கட்டம் கிடையாது. மருத்துவ விஷயங்கள் அனைத்திலும் மருத்துவருக்கே மேலான அதிகாரம் இருக்க வேண்டும் என்ற வாக்கியத்துக்கு நான் கொஞ்சமும் யோசிக்காமல் உடன்பட்டேன். பின்னர் ஹவுஸ் சர்ஜனாக ஓர் இரவுப் பணியில் நான் எழுதிய இன்சுலினை ஏற்றாமல், வெறும் சிரிஞ்சுடன் என் மேசைக்கு வந்த சிஸ்டர், "டாக்டர், இவருக்குச் சாயங்காலமே சுகர் எழுபதுதான் இருந்தது, ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார். கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். அதற்குப் பிறகு அந்த வினாத்தாளை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.